வள்ளத்தில் எக்கோ எங்கே வைப்பது?

"மக்கா, எக்கோ ஒண்ணு வைக்கணும். எந்தக் கம்பெனி நல்லது?"

அத்தான் இதைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது. அவருக்கு நீரோடியில் ஒரு பைபர் வள்ளம். 28 அடி நீளம், பின்னால் 9.9 குதிரைத்திறனில் இரண்டு எஞ்சின். நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. களியக்காவிளையில் பேட்டரி, இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறேன். பேட்டரி வாங்கினவர்கள் ஒயரிங்கும் செய்து தரச் சொல்லிக் கேட்க ஆரம்பித்து, இப்போது வள்ளத்து வேலையே பாதி நாளைத் தின்கிறது. பெட்டியில் பிஷ் பைண்டர் என்று போட்டிருப்பான். எங்கள் கரையில் அதற்கு எக்கோ என்றுதான் பேர்.

கம்பெனியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. "அத்தான், வள்ளம் ராத்திரி எங்கே கிடக்கும்?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வேறெங்கே, மணலில்தான்.

அங்கேதான் தேர்வு தொடங்குகிறது. மணலில் ஏற்றுகிற வள்ளத்துக்கும் துறைமுகத்தில் கட்டிப்போடுகிற படகுக்கும் ஒரே எக்கோவை ஒரே இடத்தில் வைக்க முடியாது. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் தேங்காய்ப்பட்டணத்திலோ கொச்சியிலோ தண்ணீரிலேயே நிற்கும். நீரோடியில் வள்ளம் தினமும் கரையேறி, தினமும் கட்டை போட்டுத் தள்ளப்படும். எக்கோவின் திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அடியில் இருக்கும் சென்சார் இந்தத் தள்ளலைத் தாங்கவில்லையென்றால் அது வெறும் கடிகாரம்.

சென்சார் என்று நான் சொல்வது டிரான்ஸ்டியூசரை. உள்ளங்கையளவு உருப்படி. ஒலியைக் கீழே அனுப்புவதும் திரும்பி வருவதைக் கேட்பதும் அதன் வேலை. கடல் தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 40 பாகம் ஆழத்தில், அதாவது 73 மீட்டரில், ஒலி தரையைத் தொட்டுத் திரும்ப ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அந்த நேரத்தை அளந்து ஆழமாக மாற்றிக் காட்டுவதுதான் கருவி. நடுவில் மீன் இருந்தால் அதன் எதிரொலி முன்னாலேயே வந்துவிடும். இதை மீன்பிடிக்குச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் ஜப்பானின் நாகசாகியைச் சேர்ந்த புருனோ சகோதரர்கள், 1948இல். மேலே குமிழி வருகிற இடத்தில் கீழே மீன் இருக்கும் என்று ஒரு மீனவர் சொன்னதிலிருந்து அவர்களுக்கு யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். அதே குமிழிதான் இன்று எக்கோவுக்கு முதல் எதிரி. காற்று கலந்த தண்ணீரை ஒலி தாண்டாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

சென்சாரை வைக்க நான்கு வழி உண்டு. பின்பலகையில் தொங்கவிடலாம், குழாயில் மாட்டிப் பக்கவாட்டில் இறக்கலாம், அடியில் துளை போட்டுப் பதிக்கலாம், துளையே போடாமல் வள்ளத்துக்கு உள்ளேயே ஒட்டலாம்.

பெட்டியோடு வருவது பெரும்பாலும் பின்பலகைச் சென்சார்தான். நான்கு திருகு, ஒரு தகடு, அரை மணி நேர வேலை. உள்ளே ஒட்டுவதில் கிடைக்காத ஒரு வசதியும் இதில் உண்டு: தண்ணீரை நேராகத் தொடுவதால் மேல்தண்ணீரின் வெப்பத்தையும் காட்டும். ஆனி தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் நம் கரையில் அடித்தண்ணீர் மேலேறி வரும்போது, மேல்தண்ணீர் குளிர்வதைத் திரையிலேயே பார்க்கலாம். எஞ்சின் ஒன்றென்றால், முன்பக்கம் பார்த்து நிற்கும்போது வலது கைப்பக்கம், விசிறி சுற்றும் வட்டத்தைத் தாண்டி நாலு விரலாவது தள்ளி வைக்க வேண்டும். அடிப்பலகையில் மேடோ வரிப்போ இருந்தால் அதற்கு நேர் பின்னால் வைக்கக் கூடாது. அங்கே ஓடும் தண்ணீரில் நுரை இருக்கும். இரண்டு எஞ்சின் மாட்டிய வள்ளத்தில் இப்படி ஓர் இடம் கிடைப்பதே பெரும்பாடு.

எனக்கு முதல் பாடம் இதில்தான் கிடைத்தது. ஏழெட்டு வருடத்துக்கு முன்பு, பொழியூர்ப் பக்கத்து வள்ளம் ஒன்றுக்கு இப்படித்தான் வைத்துக்கொடுத்தேன். இடித்தால் மேலே மடங்கிக்கொள்ளும் தகடு, கவலைப்பட வேண்டாம் என்று விற்ற கடைக்காரர் சொன்னார். உண்மைதான், முன்னாலிருந்து மரக்கட்டையோ வேறெதுவோ இடித்தால் அது மடங்கும். ஆனால் வள்ளத்தைத் திருப்பி, பின்பக்கத்தைக் கடலுக்குக் காட்டித் தள்ளினால்? பின்னாலிருந்து வரும் இடிக்கு அந்தத் தகட்டில் மடக்கு கிடையாது. பதினோராம் நாள் காலையில் தகடு, திருகு, பைபரில் ஒரு செதில் எல்லாம் சேர்ந்து மணலில் கிடந்தன. திருகிருந்த ஓட்டை வழியாகப் பின்பலகைக்குள் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. சென்சார் போன வருத்தத்தைவிட அந்த ஓட்டையை அடைக்கப் பட்ட பாடுதான் பெரிது. மணலில் ஏற்றுகிற வள்ளத்துக்குப் பின்பலகைச் சென்சாரை அதற்குப் பிறகு நான் வைத்துக்கொடுப்பதில்லை, எவ்வளவு கேட்டாலும்.

குழாய் வழியைப் பார்த்தால் ஏழையின் வழி மாதிரித் தெரியும். நானே அதை அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒன்றரை அங்குலக் குழாய், நுனியில் சென்சார், வள்ளத்தின் பக்கவாட்டில் ஒரு கவ்வி. இடத்துக்குப் போனதும் இறக்கி, முடிந்ததும் தூக்கிக்கொள்ள வேண்டும். ஓடும்போது பார்க்க முடியாது, அது உண்மை. ஆனால் பாரில், அதாவது கடலடிப் பாறையில், நங்கூரம் போட்டுத் தூண்டில் போடுகிறவருக்கு ஓடும்போது பார்க்க என்ன அவசியம்? வள்ளத்தில் ஒரு துளை இல்லை, ஒரு ஒட்டு இல்லை. சாயங்காலம் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், திருட்டுப் பயமும் இல்லை. தொல்லை ஒன்றே ஒன்று: தூக்க மறந்து எஞ்சினைத் திருகிவிட்டால் குழாய் வளையும் அல்லது கவ்வி பிய்ந்துகொண்டு வரும். வலை இழுக்கிற பக்கத்தில் மாட்டவும் கூடாது. வலையில் சிக்கினால் வலைதான் கிழியும்.

துளை போடுவது துறைமுகப் படகுக்குரிய வழி. சென்சார் நேராகத் தண்ணீரில் இருக்கும், ஒலி எதையும் துளைத்துக்கொண்டு போக வேண்டாம், ஆழம் நன்றாக எடுக்கும். ஒரு கிலோவாட் சென்சார் வைத்து நூறு இருநூறு பாகம் பார்க்கிறவர்களுக்கு வேறு நல்ல வழி இல்லை. பைபருக்கும் மரத்துக்கும் வெண்கல உடம்பு நல்லது. மரப்படகில் பிளாஸ்டிக் உடம்பு வைக்கக் கூடாது. மரம் தண்ணீரில் ஊதும்போது பிளாஸ்டிக் வெடித்துவிடும். அலுமினியப் படகில் வெண்கலம் கூடாது, அரித்துவிடும். அடி சரிவாக இருந்தால் சென்சார் நேர்கீழே பார்க்கும்படி சாய்வுக் கட்டை வைக்க வேண்டும். இதற்கெல்லாம் படகைக் கரையேற்ற வேண்டும், அதனால் தடைக்காலத்தில்தான் பெரும்பாலும் இந்த வேலை வரும். நம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். அந்தப் பக்கம், அரை மைல் தள்ளி, கேரளத்தில் 52 நாள். எல்லைக்கல் மீனுக்குத் தெரியாது, ஆனால் எனக்கு அந்த ஒன்பது நாள் வித்தியாசத்தில் வேலை வரிசை குழம்பிப்போகும்.

தண்ணீரிலேயே நிற்கிற படகில் சென்சாரின் முகத்தில் சிப்பி ஒட்டும். ஒட்டினால் படம் மங்கும். அதற்கென்று உள்ள தண்ணீர் அடிப்படைப் பெயின்டைத்தான் அடிக்க வேண்டும். கடைசியில் மிஞ்சிய அடிப்பெயின்டை அதன் மேலும் ஒரு தீற்று தீற்றினால், அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். தினமும் கரையேறும் வள்ளத்துக்குச் சிப்பித் தொல்லை கிடையாது. மணலால் வரும் ஒரே லாபம் அதுதான்.

இனி நான்காவது வழி. அத்தானுக்கு நான் இதைத்தான் சொன்னேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பைபரை ஒலி தாண்டும். ஒரே பாளமாக, நடுவில் எதுவும் இல்லாத பைபராக இருக்க வேண்டும். மரத்தையோ ஃபோமையோ தாண்டாது, ஃபோமில் இருப்பது முழுக்கக் காற்று. பிரச்சினை என்னவென்றால், மூழ்காமல் இருப்பதற்காகப் பைபர் வள்ளங்களில் பல அறைகளை ஃபோம் போட்டுத்தான் மூடியிருப்பார்கள். அதனால் முதல் வேலை இடம் தேடுவது. பின்பக்கம், எஞ்சினுக்குச் சற்று முன்னால், தண்ணீர் வடிந்து சேரும் குழியில் பெரும்பாலும் ஒற்றைப் பாளம் கிடைக்கும். பத்து ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்ப்பேன். கெட்டியான பாளம் 'டிக்' என்று சொல்லும். ஃபோம் இருந்தால் சத்தம் அடைத்துக்கொண்டு வரும்.

இடம் கிடைத்ததும் உடனே ஒட்டக் கூடாது. நான் செய்வது இது: தடிமனான பால் கவர் மாதிரி ஒரு பையில் தண்ணீர் நிரப்பி, காற்று துளியும் இல்லாமல் சென்சாரை அதற்குள் போட்டுக் கட்டுவேன். குழியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பையை அங்கே வைத்து அழுத்தி, வள்ளத்தைக் கடலில் இறக்கி ஓட்டச் சொல்வேன். சென்சாரைத் தண்ணீரில் நேராகத் தொங்கவிட்டுப் பார்த்த ஆழத்தையும் பை வழியாகப் பார்த்த ஆழத்தையும் ஒப்பிட வேண்டும். எண் ஒன்றாக இருந்து, தரைக்கோடு மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தால் நல்ல இடம். தரையே தெரியாமல் போனால் ஒரு சாண் தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். அத்தானின் வள்ளத்தில் மூன்றாவது இடத்தில்தான் கிடைத்தது. அதுவரை அவர் பையைக் காலால் அழுத்திக்கொண்டு, "இது என்ன மக்கா, வள்ளத்துக்கு ஒத்தடமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒட்டுவதற்கு எபாக்சி. முன்பு ஒருமுறை உச்சிவெயிலில், சீக்கிரம் இறுகும் எபாக்சியை வேகமாகக் கலக்கி ஊற்றி ஒட்டினேன். அது சூடேறிப் புகைந்து இறுகியது. வெளியிலிருந்து பார்க்கக் கண்ணாடி மாதிரிதான் இருந்தது, உள்ளே முழுக்கக் குமிழி. 12 பாகத்துக்கு மேல் திரையில் ஒன்றும் இல்லை. உளியால் கொத்தி எடுத்தபோது சென்சாரும் போனது, பணமும் என் கையிலிருந்துதான் போனது. இப்போது ஒரு நாள் இறுகும் எபாக்சிதான். மெதுவாகக் கலக்கி, ஒரு ஓரத்திலிருந்து ஊற்றி, சென்சாரைச் சாய்த்து வைத்து, திருகித் திருகி அழுத்துவேன். காற்று பக்கவாட்டில் ஓடிவிடும்.

இதிலும் நல்லதொரு வழி உண்டு. மூன்று நான்கு அங்குலப் பிவிசி குழாயில் ஒரு துண்டு வெட்டி, அடியை வள்ளத்தின் சரிவுக்கேற்ப இழைத்து ஒட்டி, அதில் எண்ணெய் ஊற்றி, சென்சாரை அதற்குள் முழுக வைத்து மூடிவிடலாம். கெட்டுப்போனால் சென்சாரை மட்டும் எடுத்து மாற்றலாம், பாளத்தைக் கொத்த வேண்டாம். விளக்கெண்ணெய் நன்றாக வேலை செய்யும். கைக்குக் கிடைத்தது என்று ஒருவர் தேங்காய் எண்ணெய் ஊற்றினார். ஒலி போகத்தான் போனது, ஆனால் வள்ளத்தில் எறும்பு குடியேறிவிட்டது.

இதில் இழப்பும் உண்டு, மறைக்க வேண்டாம். ஒலி பைபரைப் போகும்போதும் வரும்போதும் இரண்டு தடவை தாண்ட வேண்டியிருப்பதால் ஆழம் குறையும், சின்ன மீன் மறையும். தண்ணீரின் வெப்பம் காட்டாது, பைபரின் வெப்பத்தைத்தான் காட்டும். பக்கவாட்டைப் படமெடுக்கும் சைடு ஸ்கேன், நேர்கீழே படமெடுக்கும் டவுன் ஸ்கேன் எதுவும் இந்த வழியில் வேலை செய்யாது. இந்த வழிக்கென்று தீர்மானித்தவர் அந்த வசதி உள்ள விலைகூடின செட்டை வாங்கினால் பணம் வீண். சென்சார் முடிவான பிறகுதான் செட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, செட்.

அலைவரிசை இரண்டைத்தான் பெரும்பாலும் பேசுவார்கள்: 50 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோஹெர்ட்ஸ். 50 ஆழம் போகும், அகலமாக விரியும், படம் மொத்தையாக இருக்கும். 200 ஆழம் குறைவு, ஆனால் நுணுக்கம். விரிவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். 200இல் 20 பாகை விரிவு என்று வைத்துக்கொண்டால், 40 பாகத்தில் வள்ளத்துக்குக் கீழே 26 மீட்டர் அகலத்தைப் பார்க்கிறோம். 50இல் 45 பாகை என்றால் அதே ஆழத்தில் 60 மீட்டர். அகலம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 60 மீட்டர் வட்டத்துக்குள் எங்கோ இருக்கும் பாரை வள்ளத்துக்கு நேர்கீழே இருப்பதாகத் திரை காட்டும். தூண்டில் பாரில் விழாது, பக்கத்துச் சேற்றில் விழும். நம் கரையோரத்தில் கலவாவுக்கும் விளமீனுக்கும் போகிறவருக்கு 200 போதும். இப்போது வரும் சிறிய செட்டுகளில் சிர்ப் என்று, ஒரே அலைவரிசை இல்லாமல் ஒரு பட்டையையே வருடி அனுப்புவதும் உண்டு. நெருங்கி நிற்கும் இரண்டு மீனை இரண்டாகவே காட்டும். விலை வித்தியாசம் தாங்கினால் வாங்கலாம்.

பெட்டியில் போட்டிருக்கும் ஆழத்தைப் படிக்கும்போது நன்னீரா உப்புநீரா என்று பாருங்கள். உப்புத் தண்ணீர் ஒலியை அதிகம் குடிக்கும். உதாரணமாக, பலர் வாங்கும் கார்மின் ஸ்ட்ரைக்கர் 4 நன்னீரில் 1600 அடி, கடலில் 750 அடி என்று கம்பெனியே சொல்கிறது. 750 அடி என்றால் 125 பாகம். உள்ளே ஒட்டினால் அதிலும் குறையும். அப்படியும் வள்ளத்துக்கு மிச்சம்தான். அதன் திரை மூன்றரை அங்குலம், ஜிபிஎஸ் உண்டு, பாரின் இடத்தைக் குறித்துவைக்கலாம், ஆனால் வரைபடம் கிடையாது. வரைபடத்தோடு ஏழு அங்குலத் திரை வாங்கினால் பார்க்க அழகு. தினமும் உப்புத் தண்ணீர் தெறிக்கும் திறந்த வள்ளத்தில் அந்தப் பெரிய திரையை எங்கே கட்டுவது, தள்ளும்போது யார் பிடித்துக்கொள்வது? கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் அளவுதான் மணல் வள்ளத்துக்கு ஏற்றது. கேபின் உள்ள படகுக்குப் பெரிய திரை, 600 வாட்டோ ஒரு கிலோவாட்டோ, 50உம் 200உம் சேர்ந்த செட். அதில் கஞ்சத்தனம் செய்யக் கூடாது.

கடையில் திரை ஓடும்போது பெரிய பெரிய மீன்கள் வரிசையாகப் போகும். அது செட்டுக்குள் ஏற்கெனவே பதிந்துவைத்த விளையாட்டுப் படம். அதைப் பார்த்து வாங்க வேண்டாம். வெயிலில் தூக்கிப் பிடித்து, திரை தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். மீன் பொம்மை காட்டும் வசதியை வாங்கின அன்றே அணைத்துவிடுவது நல்லது. மிதக்கும் பாசியையும் குமிழியையும்கூட அது மீன் பொம்மையாகத்தான் வரையும்.

தூக்கி எறியும் உருண்டைகளும் வந்திருக்கின்றன, வைஃபையில் கைப்பேசியோடு பேசும். பூவாறு பொழியில் தூண்டில் போடுகிறவருக்கு அது போதும். கடலில் ஈரக் கையோடு, நடுவெயிலில், கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது நடக்கிற காரியமா!

ஒயரிங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது என் தொழில், விட்டால் விடிய விடியப் பேசுவேன். சிறிய செட் ஒரு ஆம்பியருக்குள்தான் இழுக்கும். பத்து மணி நேரத்துக்குப் பத்து ஆம்பியர்-அவர். விளக்குக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி தாங்கும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள். வெள்ளீயம் பூசின செம்பு ஒயர் வாங்குங்கள். சாதா ஒயர் ஒரு மழைக்காலத்தில் பச்சையாகிப் பொடியும். சென்சார் கேபிளை எஞ்சின் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், நீளம் அதிகம் என்று வெட்டவும் செய்யாதீர்கள், மிச்சத்தைச் சுருட்டி வையுங்கள். திரையில் மழை பெய்கிற மாதிரிப் புள்ளி புள்ளியாக வந்தால் முதலில் எல்இடி விளக்கை அணைத்துப் பாருங்கள். மலிவான விளக்குகள் செய்கிற சேட்டை அது.

இவ்வளவும் சொன்ன பிறகு, வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லி அனுப்புகிறவர்களும் உண்டு. எதிரொலியில் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையிலிருந்து வருவது. சூரைக்கும் சுறாவுக்கும் அந்தப் பை கிடையாது. மேல்தண்ணீரில் வலை விட்டுச் சூரை பிடிக்கிறவருக்குக் கீழே பார்க்கும் கருவியால் பெரிய பயன் இல்லை. பறவையைப் பார்ப்பது மேல். ஓட்டுக் கணவாய்க்கு உள்ளே இருக்கும் ஓட்டில் காற்றறைகள் இருப்பதால் அது ஓரளவு தெரியும். ஓடில்லாத ஊசிக் கணவாய் மங்கல். ஆக, எக்கோவின் உண்மையான பயன் மீனைக் காட்டுவதில் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. தரையைக் காட்டுவதில்தான் இருக்கிறது. கெட்டித் தரை என்றால் கோடு தடித்துத் தெரியும், அதே தரை இரண்டு மடங்கு ஆழத்தில் இரண்டாவது கோடாகவும் வரும். சேறு என்றால் இரண்டாவது கோடு வராது. பார் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிந்தால், அங்கே என்ன மீன் கிடக்கும் என்பது அத்தானுக்குத் தெரியாதா என்ன?

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோளில் கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து, மீன் இருக்க வாய்ப்புள்ள இடங்களை இலவசமாகவே அறிவிக்கிறது. அது எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டர் போவது என்பதற்கு. எக்கோ அங்கே போன பிறகு எந்த இடத்தில் நங்கூரம் போடுவது என்பதற்கு. ஒன்றுக்கு மற்றது மாற்று இல்லை. அப்புறம் ஒன்று: கையில் இருப்பது ஒரு செட்டுக்கான பணம் மட்டும்தான், வள்ளத்தில் விஎச்எஃப் வயர்லெஸ் இன்னும் இல்லை என்றால், எக்கோ அடுத்த வருடம் வாங்கலாம். 2017 நவம்பர் 30ஐப் பார்த்த கரை இது. ஓகிப் புயல் வந்த அந்த நாளைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

துறைமுக வாயிலில் எக்கோ உதவுமா என்றும் கேட்கிறார்கள். தேங்காய்ப்பட்டணத்து முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு நடந்த விபத்துகளுக்குப் பிறகு கேட்காமல் இருக்க முடியாது. அமைதியான நாளில் ஆழம் சரியாகக் காட்டும். அலை உடைந்து நுரைக்கும் நாளில், எந்த நேரத்தில் அது தேவையோ அந்த நேரத்தில், நுரைக் குமிழியில் கண்ணை மூடிக்கொள்ளும். அதை நம்பி உள்ளே நுழைய வேண்டாம்.

கடைசியில் அத்தான் வாங்கியது சிறிய திரை செட். சென்சார் உள்ளே, குழாய்த் துண்டில், விளக்கெண்ணெயில். மடங்கும் தகடு இன்னும் பெட்டியிலேயே கிடக்கிறது. திரையைக் கழற்றி மாட்டும் தாங்கியை எஞ்சின் பிடிக்கிறவர் உட்காரும் இடத்துக்கு நேராக வைத்தேன். அளவை மீட்டரிலிருந்து பாகத்துக்கு மாற்றினேன். செட்டில் அந்த வசதி உண்டு, கடைக்காரர்கள் சொல்வதில்லை. மீட்டர் என்றால் அத்தானின் அப்பா, அதாவது என் மாமா, காது கொடுக்க மாட்டார்.

முதல் நாள் மாமாவும் வந்தார். அவருக்கு 74 வயது. இப்போதும் மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து, கணிச்சம் பார்த்தே பாருக்குப் போவார். அவர் சொன்ன இடத்தில் எஞ்சினை அணைத்தோம். திரையில் தரைக்கோடு தடித்து, அடியில் இரண்டாவது கோடும் வந்தது. எண் 21.5. மாமா திரையைப் பார்க்கவில்லை. காலடியில் கிடந்த ஈயக்குண்டுக் கயிற்றை எடுத்து, கை விரித்து விரித்து இறக்கினார். குண்டு தரை தட்டியதும் எண்ணிச் சொன்னார்: "இருபத்திரண்டு."

அத்தான் என்னைப் பார்த்தார். அரை பாகம் வித்தியாசம். ஒட்டு சரியில்லையோ என்று நான் குழியை எட்டிப் பார்க்கப் போனேன்.

மாமா கயிற்றைக் காட்டினார். அது நேராக இறங்கவில்லை, நீரோட்டத்தில் தெற்கே சாய்ந்து நின்றது. "நீவாடு இழுக்குது. கயிறு சாஞ்சா அரை பாகம் கூடத்தான் காட்டும்," என்றார். "உன் பெட்டி சொன்னதுதான் சரி." பிறகு கயிற்றை நனையாத இடத்தில் சுருட்டி வைத்துவிட்டு, தூண்டிலை எடுத்தார்.